வரவேற்புத் தியானத்துக்குப் பிள்ளையை அனுப்பலாமா? முதலாமாண்டுப் பெற்றோருக்கு

கத்தோலிக்கக் கல்லூரியில் சேர்ந்த சில வாரங்களிலேயே பிள்ளை ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டும். வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை முதலாமாண்டு மாணவருக்கு வரவேற்புத் தியானம், வெளியூர்த் தியான இல்லத்தில் தங்கல், பெற்றோர் கையொப்பம் கட்டாயம். அட்மிஷன் கட்டணம், விடுதிக் கட்டணம், புத்தகம், ரெக்கார்டு நோட்டு என்று ஏற்கெனவே களைத்துப்போன பெற்றோருக்கு இது இன்னொரு தலைவலி. "படிப்பைக் கெடுத்துக்கொண்டு எதற்கு?" என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். "சாமியாராகப் போய்விட்டால்?" என்று மீதிப் பேர்.

அனுப்புங்கள் என்பதே எங்கள் பதில். படிவத்தைப் படிக்காமல் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பாதிக் குழப்பம் 'தியானம்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. கத்தோலிக்கர் அல்லாத வீடுகளில் இதைக் கேட்டதும் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது என்று எடுத்துக்கொள்வார்கள். கத்தோலிக்க வீடுகளில் பூண்டி, கேரளத்து முரிங்ஙூர் தியான மையங்கள் நினைவுக்கு வரும்: பெருங்கூட்டம், கைதட்டிப் பாடல், குணமளிக்கும் வழிபாடு. கல்லூரி நடத்தும் வரவேற்புத் தியானம் பெரும்பாலும் இந்த இரண்டிலும் சேராது. வெள்ளி மாலை அறிமுகம், இரவு ஜெபம். சனிக்கிழமை முக்கால் மணி நேர உரைகள் மூன்றோ நான்கோ, ஒவ்வொன்றுக்கும் பிறகு அரை மணி தனிமை, பிறகு எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுவில் சீனியர் ஒருவருடன் உரையாடல். நடுவில் விளையாட்டு. மாலையில் பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் தனியாகப் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது), நற்கருணை ஆராதனை (கிறிஸ்துவின் உடலாக நம்பும் அப்பத்தின் முன் ஜெபம்). இரவு பகிர்வு. ஞாயிறு பூசை, சாப்பாடு, பஸ். இயேசு சபை (ஜெசுவிட்) கல்லூரி என்றால் இடைவேளைகளில் மௌனம் சற்றுக் கூடும். சலேசியர் (தொன் போஸ்கோ சபை) கல்லூரி என்றால் விளையாட்டும் பாட்டும் கூடும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை அதிகமில்லை. தியான இல்லத்தின் பெயரும் முகவரியும் எழுத்தில் இருக்கிறதா? கூடவே இரவும் தங்கப்போகும் பேராசிரியர், ஃபாதர், சிஸ்டர் யார் யார், அவர்களில் இருவருடைய எண்கள் என்ன? பெண்கள் கலந்துகொள்ளும் தியானத்தில் பெண் ஆசிரியரோ சிஸ்டரோ அதே கட்டடத்தில் தங்குகிறார்களா? எந்த வண்டி, எத்தனை மணிக்குத் திரும்பும், கல்லூரி வாசலில் இறக்குவார்களா, பஸ் நிலையத்திலா? ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வர வேண்டிய பஸ் ஒன்பதரைக்கு வருவதுதான் இந்தத் தியானங்களில் அடிக்கடி நேரும் கோளாறு. ஊருக்குக் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளை அன்று இரவு எங்கே தங்கும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை வேலைநாளாக இருந்தால் 'ஓ.டி.' (ஆன் டியூட்டி, அதாவது வகுப்புக்கு வந்ததாகவே வருகைப் பதிவு) உண்டா என்றும் கேளுங்கள். வாயால் சொன்னது போதாது. துறைத்தலைவரின் கையெழுத்துள்ள பட்டியலில் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும். ஒரு பருவத்துக்கு 90 வேலைநாள் என்று வைத்தால் 75 சதவீத வருகைக்கு 68 நாள் வேண்டும், விடுவதற்கு 22 நாள்தான் இருக்கிறது. காய்ச்சல், ஊர்த் திருவிழா, அக்கா கல்யாணம் எல்லாம் அந்த 22-க்குள் அடங்க வேண்டும். ஒரு நாள்தானே என்று இதில் விட்டால் பருவக் கடைசியில் கண்டொனேஷன் (வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டும் கட்டணம்) கட்ட நேரும்.

சட்டம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள், குறிப்பாகக் கத்தோலிக்கர் அல்லாத பெற்றோர். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் மதப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி எவரையும் அவர் சம்மதமின்றிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு. மாணவர் மைனர் என்றால் சம்மதம் காப்பாளருடையது. முதலாமாண்டில் பலருக்குப் பதினேழு வயதுதான். அதனால் அந்தப் படிவத்தில் உங்கள் கையெழுத்து வெறும் சடங்கு அல்ல. பிறமத மாணவர்களுக்கு நன்னெறி வகுப்போ தனி முகாமோ வைக்கும் கல்லூரிகள் உண்டு. அது இருக்கிறதா என்று கேளுங்கள். தோழிகளோடு போக உங்கள் மகள் விரும்பினால் போகட்டும். பூசையில் நற்கருணை வாங்க வரிசை நகரும்போது இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் போதும், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பெட்டியில் வைக்க இரண்டு மாற்று உடை, போர்வை, டார்ச், தண்ணீர் பாட்டில், சில்லறையாக முந்நூறு ரூபாய் போதும். மலைப்பக்கத்து இல்லம் என்றால் ஸ்வெட்டர். மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு எத்தனை நாளோ அத்தனையோடு ஒரு நாள் கூடுதலாக வையுங்கள், ஒரு சீட்டில் மருந்தின் பெயரையும் வேளையையும் எழுதிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். ஆஸ்துமா இன்ஹேலர், இன்சுலின், வலிப்பு மாத்திரை இவை பிள்ளையின் கையிலேயே இருக்க வேண்டும். போனை வாங்கி வைக்கும்போது பையையும் சேர்த்து அலுவலக அறையில் பூட்டிவிட்டு, இரவு இரண்டு மணிக்குச் சாவி தேடுவது நடக்கக்கூடியதுதான். உபவாசம் என்று காலை உணவைத் தள்ளிப்போடும் தியானங்களும் உண்டு. சர்க்கரை நோயோ வயிற்றுப்புண்ணோ இருந்தால் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

போனை வாங்கி வைப்பார்கள் என்பதில் பதறாதீர்கள். இரண்டு நாள் மகனின் குரல் கேட்காமல் இருக்க உங்களுக்கும் இது பயிற்சி. பொறுப்பாளரின் எண் கையில் இருக்கிறதல்லவா, அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுங்கள். சாப்பிட்டானா என்பது அவசரமல்ல.

சனிக்கிழமை இரவுப் பகிர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விளக்கை அணைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஒருவர் அழத் தொடங்கினால் சுற்றியிருப்பவர்களும் அழுவார்கள். அந்த உருக்கத்தில் அப்பாவின் குடி, வீட்டுக் கடன், பழைய காதல் என்று பதினேழு வயது கொட்டிவிடும். திங்கட்கிழமை அது விடுதி வராந்தாவில் பேச்சாகும். புறப்படும் முன் பிள்ளையிடம் இதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: வகுப்பு முழுக்கத் தெரிந்தாலும் பரவாயில்லை என்பதைத்தான் குழுவில் பேச வேண்டும், "எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்பதும் ஒரு பதில்தான். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது. திருச்சபைச் சட்டம் 983 அதை முற்றாகத் தடுக்கிறது. குழுப் பகிர்வுக்கு அந்த இரகசியக் காப்பு கிடையாது. ஃபாதரோடு திண்ணையில் உட்கார்ந்து பேசும் சாதாரண ஆலோசனைக்கும் கிடையாது. இந்த வித்தியாசம் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கே பல நேரம் தெரிவதில்லை. பாரமான விஷயம் என்றால் கல்லூரிக் கவுன்சலரிடம் தனியாகப் பேசுவதே சரி.

சீனியர்கள் தன்னார்வலராக வருவார்கள், பெரும்பாலும் நல்ல பிள்ளைகள். "புதுசா வந்தவங்க எல்லாரும் ஆடிக் காட்டணும்" என்று ஆரம்பித்து அது கேலியாக மாறினால், தியான இல்லமாக இருந்தாலும் அது ராகிங்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ராகிங் தடுப்பு விதிகள் வளாகத்துக்கு வெளியேயும் பயண வண்டியிலும் செல்லும். உதவி எண் 1800-180-5522.

அடுத்தது சாமியார் பயம். தேவ அழைத்தல் (குருவாகவோ துறவியாகவோ போவது) பற்றி ஒரு ஃபாதரோ சிஸ்டரோ பத்து நிமிடம் பேசக்கூடும், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்பார்கள். பெயர் கொடுத்ததால் மறுவாரம் யாரும் மடத்துக்குப் போய்விட முடியாது. நவதுறவு என்ற தொடக்கத் துறவுப் பயிற்சியில் சேரவே பதினேழு வயது நிறைந்திருக்க வேண்டும், அது குறைந்தது பன்னிரண்டு மாதம், இயேசு சபையில் இரண்டு ஆண்டு. பிறகு பொதுவாக மூன்று ஆண்டுக்குக் குறையாத தற்காலிக வார்த்தைப்பாடு (துறவு உறுதிமொழி), இருபத்தொரு வயதுக்கு முன் நித்திய வார்த்தைப்பாடே கிடையாது. வெளியேறும் கதவு வழிநெடுகத் திறந்திருக்கிறது. உண்மையிலேயே பிள்ளைக்கு அந்த ஆசை இருந்தால் "டிகிரியை முடி, பிறகு பேசலாம்" என்று சொல்லுங்கள். பல சபைகளே அதைத்தான் விரும்புகின்றன. மிரட்டினால் ஆசை பிடிவாதமாகிவிடும்.

வேலைவாய்ப்புக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடலாம்: நேரடியாக எதுவுமில்லை. 'தியானத்தில் கலந்துகொண்டேன்' என்று ரெஸ்யூமேயில் எழுத வேண்டாம். அடுத்த ஆண்டு அதே தியானத்துக்குத் தன்னார்வலராகி நூறு பேருக்குச் சாப்பாடும் பஸ்ஸும் ஏற்பாடு செய்தால், அதை நேர்முகத்தில் சொல்லலாம். மறைமுகப் பயன் வேறு: வேறு துறைப் பிள்ளைகள் நாலு பேர் பழக்கமாவார்கள், எந்த ஸ்காலர்ஷிப்புக்கு எந்தச் சான்றிதழ் என்று சொல்லித்தர ஒரு சீனியர் கிடைப்பார்.

உயர்கல்வி ஆலோசனை சொல்பவர்களாக எங்களை ஈர்ப்பது இன்னொன்று. முதலாமாண்டில் மூன்றாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் "இந்தக் கோர்ஸ் வேண்டாம், வீட்டுக்கு வந்துவிடுகிறேன்" என்ற போன்கள் அதிகம். ஆங்கிலப் பாடம் புரியாது, மெஸ் சாப்பாடு இறங்காது, முதல் இன்டர்னல் மதிப்பெண் இடிக்கும். தியானம் வருவதும் பெரும்பாலும் அதே வாரங்களில். இந்தத் தியானங்களுக்கெல்லாம் மூலமான 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலை எழுதிய லொயோலா இஞ்ஞாசியார் (1491–1556) அதில் ஒரு விதி வைத்திருக்கிறார்: மனம் வறண்டு கிடக்கும் காலத்தில், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதே. கோர்ஸை விட்டுவிடத் துடிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஆலோசனை எங்களிடமும் இல்லை. முடிவெடுக்க வழியும் அதே நூலில் உண்டு. ஒரு தாளில், கோர்ஸில் தொடர்ந்து இருப்பதால் என்ன லாபம், என்ன நட்டம்; விடுவதால் என்ன லாபம், என்ன நட்டம் என்று நான்கு கட்டம். பிறகு, முன்பின் தெரியாத ஒரு மாணவன் இதே சிக்கலோடு வந்தால் அவனுக்கு என்ன சொல்வாய் என்று யோசிப்பது. நான்கு கட்டத்தையும் பிள்ளையே நிரப்பட்டும், நீங்கள் பேனாவைப் பிடுங்காதீர்கள்.

ஆனால் காத்திருப்பதற்கும் கெடு உண்டு. மானியக் குழுவின் 2018 கட்டணத் திருப்ப விதிப்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் பின் 15 நாளுக்குள் விலகினால் கட்டணத்தில் 80 சதவீதம் திரும்பக் கிடைக்கும். 16-ஆம் நாளிலிருந்து 30 நாள்வரை 50 சதவீதம். அதற்கு மேல் எதுவுமில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. அந்தந்த ஆண்டு அறிவிப்பில் தேதிகள் தளர்த்தப்படுவதுண்டு, அதையும் பாருங்கள்.

தியானம் முடிந்த திங்கட்கிழமைதான் வழுக்கும் இடம். ஞாயிறு இரவு முகம் மலர்ந்து வந்த பிள்ளை புதன்கிழமை சுருங்கிவிடும், அது இயல்பு. விட்டுப்போன பாடக் குறிப்பை அந்த இரண்டு நாளுக்குள் எழுதி முடிக்கச் சொல்லுங்கள்; ஆய்வக ரெக்கார்டு முதலில். வேறு சிலர் நேர்மாறாகப் போவார்கள்: வகுப்பைக் கட் அடித்துவிட்டுச் சிற்றாலயத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் இஞ்ஞாசியாரையே காட்டலாம். படைவீரராக இருந்து காலில் குண்டடிபட்ட அவர், முப்பது வயதுக்கு மேல் பார்சிலோனாவில் லத்தீன் இலக்கணம் படிக்கப் போனார். மனப்பாடம் செய்ய உட்கார்ந்தாலே ஆன்மிக எண்ணங்கள் பொங்கி வந்தன. ஜெபம் செய்யும்போது அப்படி வரவில்லையே என்று கவனித்து, இது சோதனை என்று முடிவுகட்டினார். ஆசிரியரைத் தேடிப் போய், இரண்டு ஆண்டும் ஒரு வகுப்பைக்கூடக் கவனிக்காமல் விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

படிவத்தில் கையெழுத்திடும் அன்றே வீட்டுக் காலண்டரில் இரண்டு தேதிகளைக் குறித்து வையுங்கள்: தியானம் முடிந்து பத்தாவது நாள், கட்டணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள். கோர்ஸ் பற்றிய பேச்சை முதல் தேதிக்கு முன் எடுக்காதீர்கள், இரண்டாவது தேதிக்கு அப்பால் தள்ளிப்போடவும் செய்யாதீர்கள்.