பாப் ஆர்ட் கொலாஜ்: மர்லினை விடுங்கள், தீப்பெட்டியை எடுங்கள்

கேள்வி: வேலூரில் ஒரு கல்லூரியில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் குடியாத்தம். பாப் ஆர்ட் பாணியில் டிஜிட்டல் கொலாஜ் ஒன்று செய்து, ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். நெட்டில் கிடைத்த மர்லின் மன்றோ படத்தையும் சூப் டப்பாவையும் வைத்து, மேலே புள்ளி ஃபில்டர் போட்டேன். பளிச்சென்று இருக்கிறது, ஆனால் எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கிறது. போட்டோஷாப் கிடையாது, லேப்டாப்பும் பழசு. எங்கிருந்து திருத்துவது?

பதில்: படத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து திருத்துங்கள். ஃபில்டரெல்லாம் அப்புறம். விளம்பரம், சினிமா, கடைச் சரக்கு என்று அன்றாடம் கண்ணில் படும் மலிவான படங்களையே கலையாக்குவதுதான் பாப் ஆர்ட். அப்படிப்பட்ட துண்டுகளை வெட்டி ஒன்றாகச் சேர்ப்பது கொலாஜ்.

அமெரிக்க பாப் ஆர்ட் ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1962-இல் கேம்பெல் சூப் டப்பாக்களை 32 கேன்வாஸ்களில் வரைந்தார். அவர் ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும் அடுக்கி வைத்திருந்த சரக்கு அது. அதே ஆண்டு அவர் மன்றோவை அச்சடிக்க எடுத்துக்கொண்டதும் ஒரு பழைய சினிமா விளம்பர ஸ்டில்தான். பார்த்தவர்களுக்கு இரண்டுமே அன்றாடம் கண்ணில் படுகிறவை. குடியாத்தத்தில் யார் வீட்டு அலமாரியில் அந்த சூப் டப்பா இருக்கிறது? இங்கே அதைப் பார்த்தால் சூப் நினைவுக்கு வராது, வார்ஹோல்தான் வருவார். உங்களுக்கு உறுத்துவது அதுதான்.

கொலாஜ் என்பதால் பிரிட்டிஷ் ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் 1956-இல் செய்ததை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். லண்டன் வைட்சேப்பல் காலரியில் நடந்த ஒரு கண்காட்சிக்காகச் செய்தது. பக்கத்துக்குச் சுமார் 26 சென்டிமீட்டர்தான், உங்கள் ஏ3-ஐ விடச் சின்னது. அமெரிக்கப் பத்திரிகை விளம்பரங்களைக் கத்தரித்து ஒரு வரவேற்பறையை உண்டாக்கியிருக்கிறார்: டிவி, டேப் ரிகார்டர், டின்னில் அடைத்த இறைச்சி, நடுவே ஒரு ஆணழகன். அவன் கையில் டென்னிஸ் மட்டை அளவுக்கு ஒரு லாலிபாப். துண்டுகள் எல்லாம் சாதாரணமானவை. அளவை மாற்றியதும், சேராததைச் சேர்த்ததும்தான் படத்தைப் படமாக்குகின்றன. நீங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டையும்தான்.

சரி, எதை வெட்டுவது? தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர் போன ஊரில் இருந்துகொண்டு நெட்டில் படம் தேடுகிறீர்களே! தீப்பெட்டி லேபிளில் பாப் ஆர்ட்டுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது: மூன்று நான்கு தட்டையான நிறங்கள், தடித்த எழுத்து, நடுவில் ஒற்றை உருவம், லட்சக்கணக்கில் அச்சாகிற மலிவு. அடுத்தது லுங்கி. குடியாத்தம் லுங்கிக் கட்டத்தை அப்படியே பின்னணியாகப் போடலாம். புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள் கத்தரிக்காயும் இருக்கிறது. காம்பில் முள்ளோடு ஒரே ஒரு காயை, ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி, சோபாவில் உட்கார வைத்துப் பாருங்கள்.

வேலூர் என்றதும் கோட்டையை வைக்கத் தோன்றும். வேண்டாம். நீங்கள் எடுத்த கோட்டை போட்டோ சுற்றுலா விளம்பரம் போல ஆகிவிடும். கோட்டைப் படம் அச்சிட்ட பழைய காலண்டரோ கடைப் பையோ கிடைத்தால் அது வேறு விஷயம். அது விற்பனைக்கு வந்த படம், தாராளமாக எடுக்கலாம்.

லேபிளைக் கணினிக்குக் கொண்டுவருவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். லேபிள் 5 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், ஸ்கேன் செய்தால் 590 பிக்சல்தான் கிடைக்கும். ஏ3 தாளின் அகலத்துக்கு 3508 பிக்சல் வேண்டும். இழுத்துப் பெரிதாக்கினால் கூழாகிவிடும். ஸ்கேனர் உள்ள ஜெராக்ஸ் கடையில் 1200 டிபிஐ-யில் எடுத்துத் தரச் சொல்லுங்கள், 2360 பிக்சல் கிடைக்கும். அதில் லேபிளின் சொந்த அச்சுப் புள்ளிகளும், ஒரு நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருப்பதும் தெரியும். அவற்றைத் துடைத்துச் சுத்தம் செய்யாதீர்கள். அந்தப் பிசகுதான் உங்கள் படத்துக்கு உயிர். லேபிளில் பிசகு இல்லாவிட்டால், நிற லேயரை (மென்பொருளில் ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) 10, 12 பிக்சல் பக்கவாட்டில் நகர்த்தி நீங்களே உண்டாக்கலாம். 300 டிபிஐ-யில் அது சுமார் 1 மில்லிமீட்டர்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். போட்டோபியா பிரவுசரிலேயே ஓடும், போட்டோஷாப் மாதிரியே மெனு. ஜிம்ப்பும் இலவசம். ஏ3, 300 டிபிஐ கோப்பில் லேப்டாப் திணறினால் 200 டிபிஐ-க்கு இறங்கலாம், அகலம் 2339 பிக்சல் வரும். ஆனால் அதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். புள்ளி போட்ட பிறகு அளவை மாற்றினால் புள்ளியெல்லாம் கலங்கிவிடும்.

போட்டோவாக எடுத்த துண்டுகளை முதலில் கருப்பு வெள்ளையாக்கி, போஸ்டரைஸில் 3 அல்லது 4 நிலைக்குக் குறையுங்கள். பிறகு உங்கள் நிறங்களை அடியில் தனி லேயராகத் தட்டையாக நிரப்பி, கருப்பு வெள்ளை லேயரை மல்டிப்ளை முறைக்கு மாற்றினால் வெள்ளை மறைந்து நிறம் தெரியும். லுங்கியில் பாவு நூலும் ஊடு நூலும் குறுக்கிடும் இடத்தில் மூன்றாவது நிறம் ஒன்று தெரிகிறதே, அது மாதிரி இங்கேயும் நிறங்களைத் தனித்தனி லேயராக்கி மல்டிப்ளையில் வைத்தால், இரண்டு நிறங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து மூன்றாவதைத் தரும். அதனால் மொத்தம் நான்கு நிறம் போதும். அந்த நான்கையும் உங்கள் லேபிளிலிருந்தே எடுங்கள். ஐந்தாவது நிறம் சேர்க்கக் கை துறுதுறுக்கும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி புள்ளி. படம் முழுக்க ஒரே ஃபில்டர் போட்டீர்கள் அல்லவா? அதில் வருவது ஹாஃப்டோன்: இருட்டில் பெரிய புள்ளி, வெளிச்சத்தில் சின்னப் புள்ளி. செய்தித்தாள் போட்டோக்களில் இருப்பது. இன்னொரு அமெரிக்க பாப் ஆர்ட் ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் படங்களில் நாம் பார்ப்பது பென் டே புள்ளி. பெரும்பாலும் ஒரே அளவு, ஒரே நிறம், சம இடைவெளி, அதுவும் தோல், வானம் என்று குறிப்பிட்ட பரப்பில் மட்டும். இரண்டும் வேறு வேறு. உங்கள் கொலாஜில் பென் டே புள்ளியை ஒரே ஒரு இடத்தில் வையுங்கள் என்பேன்.

அதைச் செய்வது சுலபம். 40 பிக்சல் சதுரத்தில் ஒரு காலிக் கோப்பு திறந்து, நடுவில் 22 பிக்சல் விட்டமுள்ள வட்டம் ஒன்று போடுங்கள். நான்கு மூலைகளிலும் அதே வட்டத்தின் கால் பங்கு வரட்டும். அதைப் பேட்டர்னாகச் சேமித்து, வேண்டிய பரப்பைத் தேர்ந்தெடுத்து நிரப்புங்கள். வரிசை ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி நிற்கும். 300 டிபிஐ அச்சில் ஒவ்வொரு புள்ளியும் 2 மில்லிமீட்டர் அளவுக்கு வரும், கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் தெளிவாகத் தெரியும்.

பிரிண்ட் கடைக்குக் கோப்பை வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். பிடிஎஃப் ஆக்கிப் பென் டிரைவில் கொண்டு போங்கள். திரையில் கண்ணைப் பறிக்கும் பச்சையும் ரோஸும் மையில் மங்கித்தான் வரும். நான்கு நிறங்களையும் பட்டைகளாக ஒரு ஏ4-இல் முதலில் அடித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். தாள் பளபளப்பில்லாத மேட் தாளாக இருக்கட்டும்.

கடைசியாக உரிமை பற்றி ஒரு வார்த்தை. வார்ஹோல் பாடகர் பிரின்ஸை வரைந்தது ஒரு புகைப்படக்காரரின் படத்தை வைத்து. அது வழக்காகி, 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புகைப்படக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. நம் சட்டத்தில் புகைப்படத்துக்குப் பதிப்புரிமை, வெளியானதிலிருந்து 60 ஆண்டு. வகுப்புப் பயிற்சிக்காக ஒரு லேபிளை எடுத்தால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் இதையே டி-ஷர்ட்டில் அடித்து விற்கும் எண்ணம் இருந்தால், லேபிளிலிருக்கும் கம்பெனிப் பெயரையும் சின்னத்தையும் எடுத்துவிட்டு, அந்தத் தடித்த எழுத்துப் பாணியில் உங்கள் தெருப் பெயரை எழுதி, நடு உருவத்தையும் நீங்களே வரைந்துவிடுங்கள்.