சிங்கப்பூருக்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக நானும் என் கணவரும் முதன்முறையாக விமானம் ஏறிச் சிங்கப்பூர் செல்கிறோம். டிக்கெட்டில் சென்னையில் இரவு 11 மணிக்குப் புறப்பட்டுக் காலை 5.30 மணிக்குச் சேரும் என்றிருக்கிறது. திரும்பும் டிக்கெட்டிலோ மாலை 6 மணிக்குப் புறப்பட்டு இரவு 7.30 மணிக்கே சென்னை என்று போட்டிருக்கிறார்கள். போவதற்கு ஆறரை மணி நேரம், வருவதற்கு ஒன்றரை மணி நேரமா? கணவர் சர்க்கரைக்கு வேளை தவறாமல் மாத்திரை எடுப்பவர் என்பதால் கேட்கிறேன்.
— ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: இரண்டும் இல்லை, அம்மா. போகவும் வரவும் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான். புறப்படும் நேரத்தைப் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரத்தைச் சேரும் ஊரின் கடிகாரப்படியும் டிக்கெட்டில் அச்சிடுவதால்தான் இந்தக் குழப்பம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. நீங்கள் அங்கே இறங்கும் காலை 5.30 மணிக்குக் கல்லிடைக்குறிச்சியில் அதிகாலை 3 மணி. திரும்பும் நாளில் அங்கே மாலை 6 மணி என்றால் இங்கே பிற்பகல் 3.30, அதனோடு நான்கு மணி நேரத்தைக் கூட்டினால் இரவு 7.30 சரியாக வந்துவிடும்.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழித் தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். நடுவானில் விமானம் மணிக்கு 850 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஓடுபாதைக்கு நகர்ந்து செல்வதும், மேலேறுவதும், தாழ்ந்து இறங்குவதும் சேர்ந்துதான் அது நான்கு மணி நேரமாகிறது.

உங்களுக்கு அதைவிட நீளமான பயணம் தரையில்தான். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ரயிலில் சுமார் 650 கிலோமீட்டர். காலை வந்தே பாரத்தைப் பிடிக்க விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்பினால், மகள் வீட்டு வாசலை மிதிக்கும்போது ஏறக்குறைய ஒரு முழு நாள் கழிந்திருக்கும். எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்கிவிடுங்கள். விமான நிலையம் அங்கிருந்து பக்கம். புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது இரவு 8 மணிக்கு, உள்ளே இருப்பது நல்லது. அடுத்த முறை திருச்சியிலிருந்து டிக்கெட் எடுத்தால் ரயில் தூரம் பாதியாகக் குறையும். அங்கிருந்தும் சிங்கப்பூருக்கு நேர் விமானம் உண்டு.

மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வேண்டவே வேண்டாம். அங்கே காலை 8 மணிச் சாப்பாடு, நம் கணக்கில் அதிகாலை 5.30 மணிச் சாப்பாடு. இந்த இரண்டரை மணி நேர வேறுபாட்டைச் சொல்லி, முதல் நாள் மாத்திரையை எந்த வேளையில் எடுப்பதென்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது வெளியே இருட்டாக இருக்கும். சிங்கப்பூர் 1982 ஜனவரி 1 அன்று தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது; அதனால் அங்கே ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் உதிக்கிறது. நீங்கள் மகள் வீடு போய்ச் சேரும் வேளையில் விடிந்துவிடும்.