எதிர்க்காற்றில் வீசுபவன்

வணக்கம் ஐயா,

எனக்குச் சொந்த ஊர் தங்கச்சிமடம். எட்டு ஆண்டுகளாகத் துபாயில் வேலை பார்க்கிறேன். என் தம்பிக்குப் பத்தொன்பது வயது. ஆஃப் ஸ்பின் என்னும் சுழற்பந்து வீசுவான். சென்னையில் அறை எடுத்துத் தங்கி ஒரு கிளப்புக்காக லீக் ஆடுகிறான். செலவு முழுவதும் என்னுடையது. இரண்டு ஆண்டுகளாகியும் மேலே போகவில்லை. சென்ற மாதம் ஒரே ஓவரில் மூன்று சிக்ஸர் கொடுத்தான். அதன்பின் அணியில் இடம் தரவில்லை. பந்தைத் தூக்கிப் போடாதே, தாழ்வாக வேகமாகக் குத்திப் போடு என்று நானும் சொல்லிவிட்டேன், கேட்பதில்லை. விரலால் சுண்டி வீசும் கேரம் பால் கற்றுக்கொண்டால் ஐபிஎல் வாய்ப்பு வருமா? இன்னும் எத்தனை ஆண்டுகள் பொறுக்கலாம்? அல்லது ஊருக்குத் திரும்பி, பாதியில் விட்ட டிப்ளமோவை முடிக்கச் சொல்லட்டுமா?

தங்கச்சிமடத்து வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் பாம்பன் கடற்கரையில் பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. நீர் வற்றி இறுகிய மணலில் உடைமரக் கம்புகளை நட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் ஆடினார்கள். அவர்களில் ஒருவன்கூடச் சுழற்பந்து வீசவில்லை; எல்லோரும் ஓடிவந்து வேகமாக எறிந்தார்கள். ஏன் என்று ஒருவனிடம் கேட்டேன். "தூக்கிப் போட்டா அடிச்சிருவாங்க சார், அப்புறம் ஓவர் தர மாட்டாங்க" என்றான். அந்தச் சொல் மனத்தில் கிடந்து அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதத்தில் அதையே மறுபடியும் படித்தேன்.

கேரம் பாலைப் பற்றியும் ஐபிஎல்லைப் பற்றியும் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. தன் முதல் பந்தை நம்ப விடாமல் ஆக்கப்பட்ட பையனுக்கு இன்னொரு பந்தைக் கற்றுக் கொடுத்துப் பயனில்லை.

குத்திப் போடு என்று நானும் சொல்லிவிட்டேன் என்கிறீர்கள். அதைச் சொல்லும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது? அறை வாடகை அனுப்புகிறவர் என்பதால் பந்து எங்கே விழ வேண்டும் என்பதையும் நீங்கள் தீர்மானித்துவிட முடியாது. சுழற்பந்து கையை விட்டு மட்டைக்கு வந்து சேர ஒரு விநாடி அளவுதான் ஆகிறது. வீச்சாளனுடைய வேலை முழுவதும் அதற்குள் முடிந்துவிட வேண்டும். முன்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று கீழே அழுத்துகிறது. சுழலும் அச்சு சாய்ந்திருந்தால் பக்கவாட்டிலும் நகர்த்துகிறது. இதை மேக்னஸ் விளைவு என்பார்கள். மட்டையாளனின் கண்மட்டத்துக்கு மேலே எழுந்து, காலடியில் விழும் என்று அவனை நம்பவைத்து, அவன் முன்னங்காலை நீட்டிய பிறகு அதற்கு முன்னாலேயே விழுந்து திரும்பும் பந்தைத்தான் உங்கள் தம்பி வீச முயல்கிறான். குத்திப் போட்டால் காற்று வேலை செய்ய நேரமே இருக்காது. சிக்ஸர் போகாமல் இருக்கலாம். ஆனால் மட்டையாளன் தவறு செய்யவும் வழி இராது. அந்த மூன்று சிக்ஸர்களில் ஒன்றாவது எல்லைக்கோட்டில் நின்றவனின் தலைக்குச் சற்று மேலே போயிருக்கும் என்றே நினைக்கிறேன். அதை அவனிடம் கேட்டீர்களா?

எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே உள்ள ஊரில் என்னோடு படித்த நண்பன் ஒருவன் ஆஃப் ஸ்பின் வீசினான். பனை மட்டையால் ஆடத் தொடங்கிய நாளிலிருந்து அவன் ஒரு பக்கத்திலிருந்துதான் வீசுவான்: கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று முகத்தில் அறையும் பக்கத்திலிருந்து. எதிர்க்காற்றில் வீச நாங்கள் யாரும் விரும்பாததால் எங்களுக்கும் அது வசதியாக இருந்தது. சுழலும் பந்து எதிர்க்காற்றில் இன்னும் சட்டென்று இறங்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் கடற்கரையில் தானாகவே கண்டுகொண்டான். மூங்கிலில் ஆன்டெனாவைக் கட்டி இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி பார்த்த ஊர் எங்களுடையது. அதில் இலங்கைச் சுழற்பந்து வீச்சாளர் முரளிதரனின் மணிக்கட்டை அவன் இமைக்காமல் பார்ப்பான்.

அவனுடைய ஆள்காட்டி விரலின் மேல்கணுவில், நடுவிரலைப் பார்த்த பக்கத்தில், பந்தின் தையல் உரசித் தடித்த காய்ப்பு ஒன்று இருந்தது. இரவெல்லாம் தகப்பனாரோடு நாட்டுப்படகில் வலை வாங்கிவிட்டு வந்தால், உப்புத் தண்ணீரில் ஊறி அது வெளுத்து உப்பி உரிந்திருக்கும். அப்படிப்பட்ட நாளில் தையலை அழுத்திப் பிடித்தால் தோல் கிழியும். விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டு அன்றும் வீசுவான்.

1997ஆம் ஆண்டுக் கோடையில், தேங்காய் நார் மேட்டிங் விரித்த களத்தில் வெளியூர் அணி ஒன்றோடு ஆடினோம். நான்தான் கேப்டன். அவனுடைய மூன்றாவது ஓவரில் அடுத்தடுத்து இரண்டு சிக்ஸர்கள் போயின. ஓவர் முடிந்ததும் அருகில் போய்ப் பந்தை வாங்கிக்கொண்டு, "போதும்டா, நீ டீப்ல போய் நில்லு" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அந்த ஆட்டத்தில் நாங்கள் வென்றோம் என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்தல். வென்றதால் நான் செய்தது சரி என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன். அதன்பின் அவன் குத்திப் போடத் தொடங்கினான். ரன் போவது குறைந்தது, பந்து திரும்புவதும் குறைந்தது. மறு ஆண்டு மாவட்டத் தேர்வில், கூட்டத்தில் ஒருவனாக வீசிவிட்டுத் திரும்பினான். பிறகு மைதானத்துக்கு வரவில்லை.

சுழற்பந்து வீச்சாளனின் வாழ்க்கையில் பாதி அவன் கையில் இருக்கிறது, மறுபாதி அவனிடம் பந்தைக் கொடுப்பவர் கையில் இருக்கிறது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான். 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் முரளிதரன் பந்தை வீசாமல் எறிகிறார் என்று நடுவர் டேரல் ஹேர் நோ பால் கொடுத்தார்; 1999 ஜனவரியில் அடிலெய்டில் நடுவர் ராஸ் எமர்சனும் அப்படியே கொடுத்தார். அடிலெய்டில் இலங்கைக் கேப்டன் அர்ஜுன ரணதுங்க அதை எதிர்த்துத் தன் அணியையே எல்லைக்கோடு வரை அழைத்துக்கொண்டு போய் நின்றார். தலைவன் அப்படி நின்றதால்தான் 2010 ஜூலையில், இலங்கையின் காலி நகரில் கடலை ஒட்டிய மைதானத்தில், 38 வயதில், முரளிதரனால் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுக்க முடிந்தது என்பது என் கருத்து.

எத்தனை ஆண்டுகள் என்று கணக்குக் கேட்கிறீர்கள். லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன் பதினேழு வயதில் டெஸ்ட் ஆடினார். 1984இல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 12 விக்கெட் எடுத்தார். இருபது வயதில் கடைசி டெஸ்டை ஆடி முடித்துவிட்டார். மொத்தம் 9 டெஸ்ட். அஸ்வின் தன் முதல் டெஸ்டை ஆடியபோது அவருக்கு 25 வயது; 106 டெஸ்டில் 537 விக்கெட்டுடன் ஓய்வு பெற்றார். ராஜிந்தர் கோயல் ரஞ்சிக் கோப்பையில் மட்டும் 637 விக்கெட் எடுத்தார். ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. இந்திய அணியில் இடக்கைச் சுழல் வீசிய பிஷன் சிங் பேடி ஆடிய காலத்தில் தானும் இடக்கைச் சுழல் வீசியது தவிர அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. இவற்றிலிருந்து எந்தக் கணக்கை எடுத்து உங்களுக்குக் கொடுப்பேன்? பத்தொன்பது வயதில் சுழற்பந்து வீச்சாளனுக்கு விரல்கூட இன்னும் முழுதாகக் காய்த்திருக்காது.

டிப்ளமோவை முடிக்கட்டும். அதில் தயக்கமே வேண்டாம். இந்திய ஆஃப் ஸ்பின்னர் பிரசன்னா 1962இல் இரண்டு டெஸ்ட் ஆடிவிட்டுப் பொறியியல் படிப்பை முடிக்கப் போனார். 1967இல்தான் மறுபடியும் இந்தியாவுக்கு ஆடினார். அதன்பிறகும் 20ஆவது டெஸ்டிலேயே 100 விக்கெட்டைத் தொட்டார். ஆனால் படிப்பைத் தண்டனையாக அவனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். மூன்று சிக்ஸர் கொடுத்ததால் ஊருக்கு வா என்று சொன்னால் அவன் வருவான். வந்தபின் பந்தைத் தொட மாட்டான். நான் பார்த்திருக்கிறேன்.

இன்று இரவே அவனை அழையுங்கள். குத்திப் போடச் சொன்னது தவறு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அண்ணன் சொன்ன சொல்லை அண்ணன்தான் திரும்பப் பெற முடியும். பிறகு விரல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். என் நண்பன் இப்போதும் கடலுக்குப் போகிறான். கடலில்லாத நாட்களில் தன் பேரனுக்கு மணலில் டென்னிஸ் பந்தை மெதுவாகத் தூக்கிப் போடுகிறான். உங்கள் தம்பி ஆனியில் ஊருக்கு வந்தால் நானே அழைத்துப் போகிறேன். அப்போது கச்சான் நன்றாக வீசிக்கொண்டிருக்கும். நல்ல பந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

அன்புடன்.