மூணு வருஷமா பில்லிங்கிலேயே இருக்கேன்... சூப்பர்வைசர் ஆவது எப்படி?

கேள்வி: திருப்பூரில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் மூன்று வருடமாக பில்லிங்கில் இருக்கிறேன். பிளஸ் டூ படித்திருக்கிறேன். வேகமாக பில் போடுவேன். கேஷில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. லீவும் அதிகம் எடுப்பதில்லை. போன மாதம் சூப்பர்வைசர் இடம் காலியானது. எனக்குப் பிறகு சேர்ந்து குடோனில் வேலை பார்த்த பையனுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். மேனேஜரிடம் கேட்டால் 'பார்க்கலாம்மா' என்கிறார். கடைசிவரை இந்தக் கவுன்ட்டர்தானா? நான் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும்?

- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: அந்தப் பையன் குடோனில் இருந்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் அதுதான். சூப்பர்வைசரின் நாளில் முக்கால்வாசி நேரம் சரக்கோடு போகிறது. என்ன வந்தது, எது தீர்ந்தது, எது எக்ஸ்பயரி ஆகப்போகிறது, எது காணாமல் போனது என்று பார்ப்பதுதான் அந்த வேலை. குடோன் பையனுக்கு இது பாதி தெரியும். பில்லிங்கில் இருப்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் சரக்கு அவர் கண்ணில் படுவது வெளியே போகும்போது மட்டும்தான்.

இன்னொரு காரணத்தை எந்த மேனேஜரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு வரிசை வாசல்வரை நிற்கும்போது நம்பி உட்கார வைக்க உங்களைப் போல் ஒருவர் அவருக்கு வேண்டும். உங்களை எடுத்தால் அந்த இடம் காலி. ஆகவே புதிதாகச் சேர்ந்த பெண்களில் இருவரையாவது உங்கள் அளவுக்குத் தயார் செய்யுங்கள். விலை மாற்றம், பில் கேன்சல், ரிட்டர்ன், கார்டு மெஷின் பாதியில் நின்றால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுங்கள். இதனால் உங்கள் இடம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். ஆள் பழக்கத் தெரிந்தவர் என்ற பெயர் கிடைக்கும், மேனேஜருக்கும் உங்களை விடுவிக்க வழி பிறக்கும்.

சரக்கைக் கற்றுக்கொள்ளக் கவுன்ட்டரை விட்டு எழ வேண்டியதில்லை. முதல் பாடம் உங்கள் கையிலிருக்கும் ஸ்கேனரில்தான் இருக்கிறது. ஒருவர் ஆறு ஜூஸ் பாக்கெட் எடுத்து வருகிறார்: மாம்பழம் இரண்டு, கொய்யா இரண்டு, ஆப்பிள் இரண்டு. மூன்றும் ஒரே விலை. அவசரத்தில் மாம்பழத்தை ஒருமுறை ஸ்கேன் செய்து அளவில் 6 என்று அடித்துவிடுகிறோம். பில் தொகை சரியாக இருக்கும், கேஷும் சரியாக இருக்கும். ஆனால் சிஸ்டத்தில் மாம்பழம் நான்கு கூடுதலாகக் குறையும். கொய்யாவும் ஆப்பிளும் குறையவே குறையாது. இப்படியே ஒரு மாதம் போனால் கொய்யா தட்டு காலியாக இருக்கும்போது சிஸ்டம் 'கையில் 15 இருக்கிறது' என்று காட்டும். இருப்பைப் பார்த்துத் தானாக ஆர்டர் போடும் சிஸ்டமாக இருந்தால் கொய்யா வரவே வராது. மாம்பழமோ தேவைக்கு மேல் வந்து எக்ஸ்பயரி ஆகும். ஆடிட்டில் இது ஸ்டாக் வித்தியாசமாகத் தலைகாட்டும்போது, திருட்டு என்றுகூட யாராவது நினைக்கலாம். உங்கள் கடையில் எந்தெந்தச் சரக்கில் இப்படி நடக்கிறது என்று இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். சோப்பு, நூடுல்ஸ், பிஸ்கட், ஊதுபத்தி என்று வாசனையிலோ சுவையிலோ மட்டும் மாறுகிற பொருள்களில் தேடினால் கிடைக்கும். பட்டியலை மேனேஜரிடம் கொடுத்து, இவற்றை மட்டும் தனித்தனியாக ஸ்கேன் செய்ய எல்லாக் கவுன்ட்டருக்கும் சொல்லலாமா என்று கேளுங்கள். பில்லிங்கில் இருந்துகொண்டே ஸ்டாக்கைச் சரிசெய்தவர் நீங்கள் என்பது அவர் மனதில் நிற்கும்.

அடுத்தது சரக்கு இறங்கும் இடம். கூட்டம் குறைந்த காலை நேரத்தில், வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம் அங்கே நிற்க அனுமதி கேளுங்கள். ஆர்டர் சீட்டு, கம்பெனி இன்வாய்ஸ், இறங்கிய சரக்கு மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் வரவு வைக்க வேண்டும். தப்பு நடக்கும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லாக் கடையிலும் ஒன்றுதான். பெட்டியை எண்ணி, உள்ளே 24 இருக்கும் என்று நம்பிவிடுவார்கள், வந்திருப்பது 20 அடங்கிய பெட்டி. பன்னிரண்டுக்கு ஒன்று இலவசம் என்ற ஸ்கீமில் அந்த ஒன்றை வரவு வைக்க மறந்துவிடுவார்கள். எம்.ஆர்.பி. மாறிய சரக்கு பழைய பார்கோடிலேயே வரும். புது விலையை மட்டும் சிஸ்டத்தில் ஏற்றிவிட்டால் தட்டில் மிச்சமிருக்கும் பழைய பாக்கெட்டுக்கும் புது விலை விழும். பாக்கெட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குவது எடையளவுச் சட்டப்படி குற்றம், புகார் போனால் அபராதம் கடைக்கு. இந்தத் தகராறு முதலில் வெடிக்கும் இடம் உங்கள் கவுன்ட்டர் என்பதால் இதை உங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ள ஆள் கிடையாது.

எக்ஸ்பயரியில் பலரும் தட்டை மட்டும் பார்ப்பார்கள். முதலில் முடியும் தேதிதான் முன்னால் வர வேண்டும். நேற்று வந்த லோடில் போன வாரத்துச் சரக்கைவிடப் பழைய தேதி இருக்கலாம், அப்போது புதிதாக வந்ததுதான் முன்னால் போகும். ஒவ்வொரு டிஸ்ட்ரிபியூட்டரும் எத்தனை நாள் முன்பே சொன்னால் திரும்ப எடுத்துக்கொள்வார் என்பதையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தக் கெடு தாண்டினால் நஷ்டம் முழுக்கக் கடையின் தலையில். இந்த நோட்டு பல கடைகளில் ஒரே ஒருவரின் நினைவில்தான் இருக்கிறது. அவர் லீவு போட்டால் தெரியும் அதன் அருமை.

ஆர்டர் கணக்கை ஒரு பொருளை வைத்துப் பழகுங்கள். இட்லி ரவை நாளுக்கு 12 பாக்கெட் போகிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை ஆர்டர் போடுகிறோம், போட்டபின் சரக்கு வர இரண்டு நாள். ஆக ஐந்து நாளுக்கு 60, எதிர்பாராத விற்பனைக்கு ஒரு நாள் சரக்கு 12, மொத்தம் 72. கையில் 30 இருந்தால் 42 வேண்டும். பெட்டிக்கு 20 என்றால் இரண்டு பெட்டியா, மூன்றா? மாதத்தின் முதல் வாரம் என்றால் மூன்று, 25ஆம் தேதிக்கு மேல் என்றால் இரண்டு. இந்தக் கடைசி முடிவை எந்தச் சிஸ்டமும் எடுக்காது, வாடிக்கையாளரை நேரில் பார்ப்பவருக்குத்தான் அது தெரியும்.

லாபக் கணக்கும் வேண்டும், சூப்பர்வைசர் இன்டர்வியூவில் கட்டாயம் வரும். 80 ரூபாய்க்கு வாங்கி 100க்கு விற்றால் மார்ஜின் 20 சதவீதம், ஏனென்றால் அது விற்ற விலையில் பார்க்கப்படுகிறது. வாங்கிய விலையில் பார்த்தால் 25 சதவீதம், அதற்கு மார்க்கப் என்று பெயர். இந்த இரண்டையும் குழப்பினால் அங்கேயே மதிப்பெண் போய்விடும். வாடகை, கரண்ட், சம்பளம் எல்லாம் போக நூறு ரூபாய் விற்பனைக்கு 2 ரூபாய் மிஞ்சுகிற கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 1,000 ரூபாய் சரக்கு வீணானால் அதை ஈடுகட்ட 50,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். உடைந்த எண்ணெய் பாக்கெட்டுக்கு மேனேஜர் ஏன் அப்படிக் கத்துகிறார் என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

ஷிப்ட் போடுவதையும் காகிதத்தில் செய்து பாருங்கள். பில்லிங்கில் 9 பேர், ஆளுக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை. சனி, ஞாயிறு யாருக்கும் விடுமுறை இல்லை என்றால் 9 விடுமுறையும் திங்கள் முதல் வெள்ளிக்குள் வர வேண்டும். நான்கு நாள் இரண்டிரண்டு பேர், ஒரு நாள் ஒருவர். வெள்ளி மாலை கூட்டம் வரும் ஊர் என்றால் அந்த ஒருவரை வெள்ளிக்கு வையுங்கள். எப்போதும் ஒருவருக்கே திங்கட்கிழமை போனால் முணுமுணுப்பு வரும், மாதாமாதம் சுற்றிவிடுங்கள். இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் வந்தது. நாள் முழுக்க நிற்பதென்றால் கால் என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியும். சூப்பர்வைசரானால் உங்கள் பிரிவில் ஸ்டூல் இருக்கிறதா, அதில் உட்கார்ந்தவரை யாராவது முறைக்கிறார்களா என்று பார்ப்பது உங்கள் வேலை.

இனி கேட்கும் விதம். மாலையில் கேட்காதீர்கள், முதல் வாரத்திலும் ஆடிட் வாரத்திலும் கேட்காதீர்கள். செவ்வாய் அல்லது புதன், காலை பதினொரு மணிவாக்கில், பத்து நிமிடம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி உட்காருங்கள். 'எனக்குப் பிறகு வந்தவனுக்குக் கொடுத்தீங்களே' என்று தொடங்கினால் அவர் அந்த முடிவை நியாயப்படுத்துவதிலேயே பத்து நிமிடமும் போய்விடும். இப்படிக் கேளுங்கள்: 'சார், அடுத்து சூப்பர்வைசர் இடம் வரும்போது என்னையும் பார்க்கணும். அதுக்கு என்கிட்ட இப்போ எது குறையுது? ரெண்டு விஷயம் சொல்லுங்க, மூணு மாசத்துல செஞ்சு காட்டுறேன்.' அவர் சொல்லும் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் 'நீங்கள் சொன்னது இவை, மூன்று மாதம் கழித்து மறுபடி வந்து பேசுகிறேன் சார்' என்று தேதியோடு அனுப்பிவிடுங்கள். 'பார்க்கலாம்மா' என்ற பதிலுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

புதுக் கிளை திறக்கும் செய்தி வந்தால் காத்திருக்காமல் பெயர் கொடுங்கள். பதவிகள் ஒரே நேரத்தில் நாலைந்து உருவாகும் ஒரே சமயம் அதுதான். வெளியூர் என்றால் தங்குமிடம், இரவு கடை மூடியபின் வீடு சேர வண்டி இரண்டையும் கேட்டு உறுதி செய்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

படிப்பைப் பற்றி: பிளஸ் டூவோடு சூப்பர்வைசர் ஆகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். உதவி மேனேஜர் பதவி என்று வரும்போது பல நிறுவனங்கள் டிகிரி கேட்கும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ ஒரு பி.பி.ஏ. அல்லது பி.காம். இப்போதே சேர்ந்துவிட்டால் அந்த நேரம் வரும்போது கையில் இருக்கும். எக்ஸலில் கூட்டல், சதவீதம், ஃபில்ட்டர் மூன்றும் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

பதவி கிடைத்ததும் சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டுக் கடைகள் சட்டப்படி கூடுதல் நேர வேலைக்கு இரட்டைச் சம்பளம் உண்டு. நிர்வாகப் பதவியில் இருப்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் இப்போதைய சம்பளம் 15,600 என்று வைத்தால், 26 நாள், 8 மணி நேரம் என்ற கணக்கில் மணிக்கு 75 ரூபாய், ஓ.டி.க்கு 150. மாதம் 20 மணி நேரம் ஓ.டி. பார்ப்பவருக்கு அது 3,000. சூப்பர்வைசர் ஆக்கி 2,500 கூட்டிக் கொடுத்து, இனி ஓ.டி. கிடையாது என்றால் மாதம் 500 குறைகிறது, பொறுப்பு மட்டும் கூடுகிறது. புதுப் பதவிக்கு ஓ.டி. உண்டா, இல்லையா என்பதைக் கடிதத்திலேயே எழுதிக் கேளுங்கள். ஸ்டாக் குறைந்தால் சூப்பர்வைசர் சம்பளத்தில் பிடிப்பார்களா என்றும் கேளுங்கள். உங்கள் கவனக்குறைவால் வந்த நஷ்டம் என்று காட்டி, விளக்கம் கேட்டபின்தான் பிடிக்க முடியும், எல்லோருக்கும் சரிசமமாகப் பிரித்துப் பிடிப்பது முறையல்ல.

சம்பளம் 21,000ஐத் தாண்டினால், இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்பை விட்டு வெளியே போகிறீர்கள். உடனே நின்றுவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு பங்களிப்புக் காலங்கள் உண்டு, நடுவில் சம்பளம் கூடினால் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தமும் தொடரும், பாதுகாப்பும் தொடரும். வீட்டில் யாராவது இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்தால், சம்பளக் கடிதம் வாங்கும் அன்றே நிறுவனம் மருத்துவக் காப்பீடு தருகிறதா, அப்பா அம்மாவும் அதில் வருவார்களா என்று எச்.ஆரிடம் கேட்டு வையுங்கள்.