அயர்லாந்துப் பயணம்: முதலில் வழி, பிறகு பரிசுப் பட்டியல்

கோவை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் மகள் அயர்லாந்தில் கால்வே நகரில் படித்து முடித்து, ஒன்றரை வருடமாக அங்கேயே வேலை பார்க்கிறாள். வரும் ஜூனில் நானும் கணவரும் 12 வயது மகனும் ஒன்பது நாள் போகிறோம். மலை, கடலோடு நிற்காமல் அந்த ஊர்ப் பண்பாட்டையும் பார்க்க ஆசை. திரும்பும்போது மாமனார், மாமியார், அண்ணன், நிச்சயம் ஆகியிருக்கும் நாத்தனார் மகள் என்று எல்லாருக்கும் ஏதாவது வாங்க வேண்டும். பச்சைத் தொப்பி, சாவி வளையம் எல்லாம் வேண்டாம். எங்கே போவது, என்ன வாங்குவது?"

நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. அயர்லாந்தில் வாங்கத் தகுந்த பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்த ஊர் உண்டு. அந்த ஊர் வழியாகப் போனால் பயணமும் அமைந்துவிடும், பரிசும் கையில் சேர்ந்துவிடும். டப்ளினில் ட்ரினிட்டி கல்லூரியை ஒட்டிய நாசோ தெருவிலேயே எல்லாம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே நல்லதும் மட்டமானதும் ஒரே அலமாரியில் இருக்கும். அதனால் பரிசுப் பட்டியலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், முதலில் விசா.

பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் வட்டத்தில் அயர்லாந்து இல்லை. பாரிஸுக்கு வாங்கிய விசாவோடு டப்ளினில் இறங்க முடியாது, அயர்லாந்துக்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அந்த முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். மகளின் அழைப்புக் கடிதம், அவருடைய குடியிருப்பு அனுமதி அட்டையின் நகல், உங்கள் ஆறு மாத வங்கிக் கணக்கு, மூன்றும் தெளிவாக இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். தீவின் வடகிழக்கு மூலையான வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. டைட்டானிக் கட்டப்பட்ட பெல்ஃபாஸ்ட்டும், அறுகோணப் பாறைத் தூண்களால் ஆன ஜெயன்ட்ஸ் காஸ்வேயும் அங்கேதான் இருக்கின்றன. சாலையில் சோதனைச் சாவடி எதுவும் கிடையாது. அதற்காக அனுமதி தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியர்களுக்கு பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம் என்று ஒன்று உண்டு. உங்கள் ஐரிஷ் விசாவில் அந்தத் திட்டத்தின் குறி இருந்தால், முதலில் அயர்லாந்தில் இறங்கிய பிறகு அதே விசாவில் வடக்கேயும் போய் வரலாம். குறி இருக்கிறதா என்று பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் பாருங்கள்.

இருந்தாலும் ஒன்பது நாளில் வடக்கை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். நமக்கு அங்கே ஒரு உறவு இருக்கிறது, இடையன்குடி கால்டுவெல் 1814இல் பிறந்தது அந்த ஆன்ட்ரிம் மாவட்டத்தில்தான். அதற்கு இன்னொரு பயணம் வைத்துக்கொள்ளலாம்.

விமானத்துக்கு துபாய், தோஹா, அபுதாபி வழி சரி. மூன்று இடத்திலிருந்தும் டப்ளினுக்கு நேர் விமானம் உண்டு. இறங்கிய அன்றே டப்ளினில் அறை எடுக்க வேண்டாம். விமான நிலையத்திலிருந்தே கால்வேக்குப் பேருந்து இருக்கிறது, மூன்று மணி நேரத்துக்குள் மகள் வீட்டில் இருக்கலாம். மேற்கே ஐந்தாறு நாள், கடைசி மூன்று நாள் டப்ளின். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், நாள் நீண்டுகொண்டே போகும். மழைக் கோட்டு மட்டும் பையிலேயே இருக்கட்டும்.

கால்வேயில் முதல் வேலையாக, கோரிப் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு நடந்து போங்கள். ஆற்றின் இந்தப் பக்கம் ஸ்பானிஷ் வளைவு, அந்தப் பக்கம் கிளாடா. ஒருகாலத்தில் மீனவர் குடியிருப்பு. கிளாடா மோதிரம் என்ற பெயர் இங்கிருந்து வந்ததுதான். இரண்டு கைகள் ஒரு இதயத்தை ஏந்தியிருக்கும், இதயத்தின் மேல் ஒரு கிரீடம். கைகள் நட்பையும், இதயம் அன்பையும், கிரீடம் விசுவாசத்தையும் குறிக்கும். கடற்கொள்ளையரிடம் அகப்பட்டு, அடிமையாக விற்கப்பட்ட இடத்தில் பொற்கொல்லர் தொழில் கற்று ஊர் திரும்பிய ரிச்சர்ட் ஜாய்ஸ் என்பவர் செய்தது என்று கதை சொல்வார்கள். கல்யாணப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான ஐரிஷ் பரிசு எனக்குத் தோன்றவில்லை. போடுவதிலும் முறை உண்டு. வலது கையில் இதயத்தின் கூர்முனை விரல் நுனியைப் பார்த்திருந்தால் இன்னும் யாரும் இல்லை, மணிக்கட்டைப் பார்த்திருந்தால் மனதில் ஒருவர் இருக்கிறார். இடது கையில் நுனியைப் பார்த்திருந்தால் நிச்சயம் ஆகிவிட்டது, மணிக்கட்டைப் பார்த்தால் கல்யாணமே முடிந்தது. உங்கள் நாத்தனார் மகள் இப்போது ஒரு விதமாகப் போட்டு, முகூர்த்தத்துக்குப் பிறகு திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் தங்கத்தில் வாங்குவதானால் கவனம். நமக்கு 916 பார்த்துப் பழக்கம். அங்கே கடையில் இருக்கும் தங்க மோதிரங்களில் நிறைய 9 கேரட், அதாவது உள்பக்கம் 375 என்ற எண் இருக்கும். நூறு பங்கில் 37.5 பங்குதான் தங்கம். 14 கேரட் என்றால் 585. இது ஏமாற்று இல்லை, அவர்கள் வழக்கம் அது. ஆனால் ஊருக்குக் கொண்டுவந்து மாமியார் உரசிப் பார்த்து "என்ன இது, பித்தளையா?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். என் யோசனை, வெள்ளியில் வாங்குங்கள். 925 முத்திரையோடு நல்ல கனமான மோதிரமாகக் கிடைக்கும், விலையும் கட்டுக்குள் இருக்கும், யாரும் மாற்றுப் பார்க்கப் போவதில்லை. விரல் அளவை இங்கேயே நகைக்கடையில் மில்லிமீட்டரில் எடுத்துக்கொண்டு போங்கள், இரண்டு நாட்டு அளவு முறையும் ஒன்றல்ல. தங்கம்தான் என்று முடிவு செய்தால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். நம் சுங்கத்தில் தங்க நகைக்கான தனிச் சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான், ஒன்பது நாள் போய் வருகிறவர்களுக்கு இல்லை.

அடுத்தது அரான் தீவுகள். கால்வேக்கு மேற்கே ரோசவீல் துறையிலிருந்து படகு. பெரிய தீவான இனிஷ்மோருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அங்கே இறங்கி சைக்கிள் வாடகைக்கு எடுத்து, செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கும் டூன் ஏங்கஸ் கற்கோட்டை வரை போகலாம். கோட்டையின் கடல் பக்கத்தில் தடுப்புச் சுவரே கிடையாது, கீழே 100 மீட்டர் பள்ளம். பையனைப் பிடித்துக்கொள்ளுங்கள். தீவிலும், வழியில் இருக்கும் கான்மாராக் கரையிலும் ஐரிஷ்தான் வீட்டு மொழி. ஊர்ப் பலகைகளில் அந்த மொழிப் பெயர் மட்டுமே இருக்கும் என்பதால், கார் ஓட்டுவதானால் இரண்டு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். திண்டாட வைப்பது சாலையின் அகலம், எதிரே பேருந்து வந்தால் ஒருவர் பின்னால் போக வேண்டியிருக்கும்.

அரான் என்றதும் எல்லாருக்கும் ஸ்வெட்டர்தான் நினைவு வரும். சாயம் போடாத வெண்மை நிறக் கம்பளியில் கயிறு, வைரம், தேன்கூடு என்று பின்னல் போட்டது. கடையில் ஒரு பெரிய அட்டையைக் காட்டி, "ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பின்னல், கடலில் இறந்தவரை அதை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும், நம்ப வேண்டாம். 1904இல் மேடையேறிய ஒரு நாடகத்தில், இறந்தவனை அவன் காலுறையில் விட்டுப்போன தையலை வைத்துத் தங்கை அடையாளம் காணும் காட்சி வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த கதை இது. இந்த ஸ்வெட்டரே இருபதாம் நூற்றாண்டில் உருவெடுத்ததுதான். அதனால் அதன் அழகு குறையாது, ஆனால் "உங்கள் குலத்துப் பின்னல்" என்று கூடுதல் விலை கேட்டால் சிரித்துவிட்டு நகரலாம்.

பார்க்க வேண்டியது சீட்டை. 'ஹேண்ட் நிட்டட்' என்றால் ஒருவர் ஊசி பிடித்துப் பின்னியது. 'ஹேண்ட் லூம்டு' என்று பார்த்ததும் கோவைக்காரருக்குக் கைத்தறி என்று கை நீளும், அதுதான் பொறி. அது ஆள் இயக்கும் பின்னல் இயந்திரத்தில் செய்தது. 'ஹேண்ட் ஃபினிஷ்டு' என்றால் இயந்திரம் பின்னிய துண்டுகளைக் கையால் சேர்த்தது. மூன்றும் விற்கலாம், ஒரே விலைக்கு விற்கக் கூடாது. கையால் பின்னியது மற்றவற்றைவிடப் பல மடங்கு விலை இருக்கும். கையில் எடுத்தாலே கனம் தெரியும், ஆட்டுக் கம்பளி வாசனையும் லேசாக வரும்.

சரி, கோவையில் யார் அதைப் போடுவார்கள்? உங்கள் அண்ணன் ஊட்டிப் பக்கம் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் மாமனாருக்கு டோனிகால் ட்வீட் என்ற கம்பளித் துணியில் தைத்த தட்டைத் தொப்பி போதும். காலை நடைக்கு மார்கழியில் போட்டுக்கொள்வார், பெட்டியிலும் இடம் அடைக்காது. மாமியாருக்கு லினன். ஐரிஷ் லினன் நம் வெயிலுக்கென்றே செய்தது போல இருக்கும், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். ஒரு மேசை விரிப்போ, கைக்குட்டைகளோ வாங்கலாம். துணியைத் தடவிப் பார்க்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. "ஐரிஷ் வடிவமைப்பு" என்று மட்டும் எழுதியிருந்தால் நெய்தது வேறெங்கோ என்று எடுத்துக்கொள்ளுங்கள், "அயர்லாந்தில் நெய்தது" என்று தெளிவாக இருக்க வேண்டும். ரோசவீல் போகும் சாலையிலேயே ஸ்பிடல் என்ற ஊரில் கைவினைஞர்களின் பட்டறைகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. படகுக்குப் போகும் நாளில் நிற்காதீர்கள், தனியாக ஒரு மத்தியானம் ஒதுக்குங்கள்.

பையனுக்கு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பட்டியலில் எனக்குப் பிடித்ததே அதுதான். ஹர்லிங் என்ற ஐரிஷ் விளையாட்டின் மட்டை. பக்கத்துக்கு 15 பேர், கையில் ஆஷ் மரத்தில் செதுக்கிய தட்டை முனை மட்டை, தக்கை உள்ளே வைத்துத் தோல் தைத்த பந்து. பார்க்கக் கிரிக்கெட் பந்தின் தம்பி போல இருக்கும், தையல் மட்டும் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். பந்தை மட்டை நுனியில் வைத்துக்கொண்டே ஓடுவார்கள். கால்வே அந்த விளையாட்டில் ஊறிய ஊர். கவுன்டி என்ற மாவட்ட அணிகளின் ஆட்டம் கோடையில் நடக்கும், மகளை விட்டு ஒரு சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஆடுகிறவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது, ஆசிரியரும் விவசாயியும்தான் சனி ஞாயிறு எண்பதாயிரம் பேர் கொள்ளும் டப்ளின் க்ரோக் பார்க் மைதானத்தில் இறங்குகிறார்கள். சிறுவர் அளவு மட்டை விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும், நினைவுப் பொருள் கடைக்குப் போக வேண்டாம். கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டிக்குள் மூலைவிட்டமாக வையுங்கள்.

மாலைகளில் இசை. கால்வேயிலும், தெற்கே க்ளேர் கவுன்டியின் டூலினிலும், மதுக்கடையின் ஒரு மூலையில் ஃபிடில், குழல், அக்கார்டியன் வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. மது குடிக்காவிட்டாலும் போகலாம், எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டு உட்காருங்கள். அந்த மூலை நாற்காலிகளில் மட்டும் உட்காரக் கூடாது. யாராவது பக்கவாத்தியம் இல்லாமல் தனியாகப் பாடத் தொடங்கினால் கடையே அடங்கிவிடும், நீங்களும் பேச்சை நிறுத்திவிடுங்கள். ஒரு சிக்கல், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இரவு 9 மணிக்கு மேல் அங்கே இருக்க முடியாது. மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. பல இடங்களில் வாசிப்பே ஒன்பதரைக்குத்தான் களைகட்டும். பையனோடு போவதால் மாலையிலேயே தொடங்கும் இடமாக மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது புல்லாங்குழல் படிக்கிறார்களா? ஆறு துளை டின் விசில் வாங்குங்கள், டி சுருதியில் இருக்கட்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரலாம், விலையும் இருப்பதிலேயே குறைவு.

டப்ளினுக்குக் கடைசி மூன்று நாள். கில்மேனம் சிறைக்கும் நியூகிரேஞ்சுக்கும் நேரில் போய்ச் சீட்டு வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். கில்மேனம் முன்பதிவு 28 நாள் முன்னால் திறக்கும், சட்டென்று தீர்ந்துவிடும். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியின் தலைவர்களைச் சுட்டுக் கொன்ற முற்றம் அங்கே இருக்கிறது, நாட்டைப் புரிந்துகொள்ள அந்த ஒரு மணி நேரம் உதவும். நியூகிரேஞ்ச் ஏறக்குறைய கி.மு. 3200இல் கட்டிய கல்லறை மேடு, எகிப்துப் பிரமிடுகளுக்கும் மூத்தது. ட்ரினிட்டியில் கெல்ஸ் நூல் என்ற பழைய ஓவியக் கையெழுத்துச் சுவடியைப் பாருங்கள், ஆனால் படங்களில் பார்க்கும் அந்த நீண்ட நூலகக் கூடத்தைப் பராமரிப்புக்காகக் காலி செய்திருக்கிறார்கள், வெறும் அலமாரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். கில்டேர் தெருவின் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கட்டணமே இல்லை. சதுப்பு நிலத்தில் ஈராயிரம் வருடத்துக்கு மேல் கெடாமல் கிடந்த மனித உடல்களும், தாரா புரோச் என்ற பழைய அலங்கார ஆடை ஊசியும் அங்கே இருக்கின்றன. அந்த ஊசியின் நகலை அருங்காட்சியகக் கடையிலேயே தேடுங்கள், புடவைத் தலைப்பில் குத்திக்கொள்ள அழகாக இருக்கும்.

சாப்பாட்டில் ஒன்று. விடுதிக் காலை உணவுத் தட்டில் கறுப்பு வட்டமாக இருப்பது பன்றி ரத்தத்தில் செய்த புட்டிங், வெள்ளை வட்டமும் பன்றிதான். சைவம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அண்ணனுக்கு ஐரிஷ் விஸ்கி என்றால் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை சுங்கத்தில் விடுவார்கள். தேயிலை வாங்க வேண்டாம், அங்கே விற்பதில் அசாம் இலையும் கலந்திருக்கிறது.

கடைசியாக, வரியைத் திரும்பப் பெறுவது. பெரியவர் துணிமணிக்கும் நகைக்கும் விலையிலேயே 23 சதவீத மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் 75 யூரோவுக்கு மேல் வாங்கினால் அதில் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம். சிறுவர் உடைக்கும் புத்தகத்துக்கும் வரியே இல்லை, அதனால் திரும்ப வர ஒன்றுமில்லை. அங்கேயே வசிப்பதால் மகளுக்கு இந்தச் சலுகை கிடையாது, அவர் அட்டையைத் தேய்க்க விடாதீர்கள். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும், கடைக்குப் போகும்போது பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். டப்ளின் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். எனவே பெட்டியை ஒப்படைக்கும் முன்பே அந்த வேலையை முடியுங்கள், ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.