வாசகர் கேள்வி பதில்: பேட்ஜர் பிரஷ்ஷும் சென்னைத் தண்ணீரும்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு, அவசரமில்லாமல் சவரம் செய்துகொள்ள நல்ல பேட்ஜர் (வளைக்கரடி என்னும் விலங்கு) முடி பிரஷ் ஒன்று வாங்கலாம் என்று நினைக்கிறேன். கடையில் ‘பியூர்’, ‘பெஸ்ட்’, ‘சூப்பர்’, ‘சில்வர்டிப்’ என்று நான்கு வகை காட்டினார்கள். விலையும் அதே வரிசையில் ஏறுகிறது. விலை கூடியதுதான் சிறந்ததா?
– வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: அந்தப் பெயர்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு நிறுவனம் ‘பெஸ்ட்’ என்று விற்பதை இன்னொன்று ‘சூப்பர்’ என்று விற்கும். பொதுவாக, ‘பியூர்’ என்பது கருமை கலந்த, முகத்தில் சற்றுக் குத்துகிற முடி. ‘சில்வர்டிப்’ என்பது நுனியும் அடியும் வெளுத்து, நடுவில் கரும்பட்டை ஓடுகிற மிருதுவான முடி. ஆனால் மிருதுவானதெல்லாம் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் வளர்ந்த முரட்டுத் தாடிக்கு, மயிரை நிமிர்த்தி அதன் அடியில் சோப்பைக் கொண்டுசேர்க்கும் விறைப்பும் வேண்டும். மிக மெல்லிய பிரஷ் தாடியின் மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும்.

ஆகவே பெயரைவிட முடியின் நுனியைப் பாருங்கள். இயற்கையாகக் கூம்பி முடிகிற நுனிதான் நல்ல பேட்ஜர் பிரஷ்ஷின் அடையாளம். மட்டமான பிரஷ்களில் வடிவம் வருவதற்காக நுனியைக் கத்தரித்திருப்பார்கள், அது முகத்தில் ஊசிபோலக் குத்தும். சாதாரண முடியின் நுனியை வெளுக்கச் செய்து சில்வர்டிப் போலக் காட்டுவதும் உண்டு. அடுத்து, முடிக்கற்றை கைப்பிடிக்குள் இறங்கும் இடத்தில் விரலால் அழுத்திப் பார்த்து, கற்றை அடர்த்தியாக இருக்கிறதா, நடுவில் தொளதொளவென்று குழி விழுகிறதா என்று கவனியுங்கள். அந்த இடத்தில் கற்றையின் விட்டம் 22 முதல் 24 மில்லிமீட்டர் வரை இருந்தால் பெரும்பாலானோருக்குப் போதும். அதைவிடப் பெரியதை வாங்கினால் மூக்கின் கீழே நுரை பூசும்போது சிரமப்படுவீர்கள். கைப்பிடி ரெசினா, மரமா, கொம்பா என்பது கண்ணுக்குத்தான், நுரைக்கு அல்ல.

முதல் சில வாரங்களில் ஓரிரு முடிகள் உதிர்வதும், நனைத்தவுடன் விலங்கின் வாடை வீசுவதும் வழக்கம். இரண்டு மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவினால் வாடை போய்விடும். மாதக்கணக்கில் முடி உதிர்ந்துகொண்டே இருந்தால் அது செய்நேர்த்தியின் குறை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் விரும்பி வாங்கிய பேட்ஜர் பிரஷ், வேளச்சேரியில் உள்ள எங்கள் வீட்டில் நுரையே தருவதில்லை. அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது அதே பிரஷ், அதே சோப்பில் வெண்ணெய் போல நுரை வந்தது. பிரஷ்ஷில் கோளாறா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: கோளாறு பிரஷ்ஷில் இல்லை, குழாயில் இருக்கிறது. உங்கள் வீட்டில் போர் தண்ணீரும் அண்ணன் வீட்டில் மெட்ரோ தண்ணீரும் வருகின்றன என்று ஊகிக்கிறேன். கடினமான நிலத்தடி நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடுவதால், நுரையாக வேண்டிய சோப்பு பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்கிறது. பேட்ஜர் முடியின் பெருமையே தண்ணீரைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்வதுதான். அந்தத் தண்ணீரே உப்புத் தண்ணீராக இருந்தால் அந்தப் பெருமையே வினையாகிறது.

வழி எளிது. குடிக்க வைத்திருக்கும் கேன் தண்ணீரில் ஒரு டம்ளரை வெதுவெதுப்பாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஒரு சவரத்துக்கு அது தாராளம். அதில் பிரஷ்ஷை ஒரு நிமிடம் ஊறவைத்து, இரண்டு முறை மெல்ல உதறி, சோப்பின் மேல் அரை நிமிடம் வட்டமாகச் சுற்றுங்கள். பன்றி முடி பிரஷ்ஷை ஐந்து, பத்து நிமிடம் ஊறவைப்பது போல இதற்குத் தேவையில்லை. பிறகு முகத்திலோ கிண்ணத்திலோ, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து நுரையைப் பெருக்குங்கள். பெரிய குமிழிகள் தெரிந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று பொருள்; தயிர்போல வழவழப்பாக, மினுமினுப்போடு நிற்கும்போது நிறுத்திவிடலாம். பிரஷ்ஷை முகத்தில் நசுக்கித் தேய்க்காதீர்கள், நடு முடிகள் அடியிலேயே ஒடிந்துவிடும்.

இதுவரை சேர்ந்த கசடு முடியின் வேரில் படிந்திருக்கும். ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து, பிரஷ்ஷைச் சில நிமிடம் வைத்திருந்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் போதும்.

கேள்வி: நான் சைவம். பேட்ஜர் முடியை ஆட்டு ரோமம் போலக் கத்தரித்து எடுக்கிறார்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: நம்ப வேண்டாம். வளைக்கரடி என்று நாம் சொல்லும் அந்த விலங்கின் முடி, கொல்லப்பட்ட விலங்கின் தோலிலிருந்தே வருகிறது. இன்று சந்தையில் உள்ள முடியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. பிரிட்டனில் அவ்விலங்கைக் காக்க 1992-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. பிரெஞ்சில் ‘பிளேரோ’ என்ற ஒரே சொல் அந்த விலங்கையும் சவர பிரஷ்ஷையும் குறிப்பதைப் புதுச்சேரி வாசகர்கள் அறிந்திருப்பார்கள்; அவ்வளவு நெருங்கிய உறவு. உங்கள் கொள்கைக்குப் பொருந்துவது செயற்கை இழை பிரஷ். பத்தாண்டுகளுக்கு முன்பு அதைப் பரிந்துரைக்கத் தயங்கியிருப்பேன், இன்று தயக்கமில்லை. தண்ணீரைக் குறைவாகப் பிடித்தாலும் விரைவில் உலர்ந்துவிடும். ‘இயற்கை முடி’ என்று மட்டும் சொல்லித் தெருவோரத்தில் விற்பதை யாருமே வாங்க வேண்டாம். ஓவியத் தூரிகைகளுக்காகக் கீரிகள் கொல்லப்படும் நாடு இது. கீரி முடியை வாங்குவதும் விற்பதும் சட்டப்படி குற்றம்.

கேள்வி: பிரஷ்ஷைத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டுமா, நிமிர்த்தி வைக்கலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: எப்படி வைத்தாலும் சரி, உதறிவிட்டு, துண்டில் ஒற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளியலறை அலமாரிக்குள் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வாடை வருகிறதென்று கொதிநீரில் போடாதீர்கள். என் முதல் பேட்ஜர் பிரஷ்ஷை நான் அப்படித்தான் ‘சுத்தம்’ செய்தேன். பசை இளகி, மறுநாள் காலையில் முடிக்கற்றை என் கன்னத்திலும் கைப்பிடி என் கையிலுமாக நின்றேன்.