மோரிஸ் மைனரா, ட்ரையம்ஃப் ஹெரால்டா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். வார இறுதியில் ஓட்ட ஒரு பழைய பிரிட்டிஷ் கார் வேண்டும். 1965ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000 ஒன்றும், அதே ஆண்டின் ட்ரையம்ஃப் ஹெரால்ட் 1200 ஒன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்திருக்கின்றன. எது நன்றாக ஓடும்? பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஓட்டத்தில் மைனர் ஒரு படி மேல். அந்த ஆண்டு மைனரில் இருப்பது 1098 சிசி எஞ்சின், 48 குதிரைத்திறன். ஹெரால்டில் 1147 சிசி இருந்தும் 39தான். இழுவிசை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் ஊருக்குள் வித்தியாசம் தெரியாது; மேடேறும்போது தெரியும். உச்ச வேகம் இரண்டிலும் மணிக்கு 75 மைலைச் சற்றுத் தாண்டும், ஆனால் 60ஐத் தாண்டினாலே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். இரண்டிலும் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது. வண்டி நின்ற பிறகே போடுங்கள்.

ஹெரால்டின் பலம் வேறு இடத்தில். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மைனருக்கு 33 அடி வேண்டும். பானெட் முன்பக்கமாக முழுதாகக் கவிழ்வதால் டயர் மேல் உட்கார்ந்தே எஞ்சின் வேலை பார்க்கலாம். பின்னால் ஸ்விங் ஆக்சில் (சக்கரம் மேலும் கீழும் போகும்போது அதன் சாய்வும் மாறும் அச்சு) என்பதால் வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டுவிடக் கூடாது; பின்சக்கரம் உள்மடங்கி வால் வீசும். முன் டிஸ்க் பிரேக் அப்போது கூடுதல் காசுக்குத்தான் கிடைத்தது. இந்த வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இந்த எண்களையெல்லாம்விடத் துருதான் பணத்தைத் தின்னும். மைனருக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) இல்லை, பாடியே பாரம் தாங்குகிறது. கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். கதவடிச் சில் (கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பகுதி), பின் ஸ்பிரிங் மாட்டும் இடம், முன் இருக்கைக்குக் கீழே போகும் குறுக்குச்சட்டம் ஆகியவற்றில் காந்தத்தை ஓட்டுங்கள்; ஒட்டாத இடத்தில் துருவைப் பூசி மறைத்திருக்கலாம். பக்கவாட்டு ஜாக்கி இடத்தில் வண்டியைத் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். கதவு இறுகினால் பாடி தொய்கிறது என்று அர்த்தம். பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். இன்னொன்று: பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், சட்டத்துக்குள் இருக்கிறது. அதைக் கழற்றக் குறுக்கே டார்ஷன் பார் (முறுக்கி ஸ்பிரிங்காக வேலை செய்யும் முன் சஸ்பென்ஷன் கம்பி) நிற்கும், கூலி அதற்கேற்ப ஏறும்.

ஹெரால்டில் சில் வெறும் போல்ட் போட்ட தகடு. அது துருப்பிடித்தால் கவலையில்லை. கீழே படுத்துச் சேஸிஸையும், அதிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் அவுட்ரிகர்களையும் பாருங்கள். பிறகு ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லி எஞ்சின் முன் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரிய முன்பின் நகர்ந்தால் கிராங்க் த்ரஸ்ட் வாஷர் (கிராங்க் தண்டு முன்பின் நகராமல் பிடிக்கும் வளையம்) தேய்ந்துவிட்டது. அந்த நகர்வு 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். வாஷர் கழன்று விழுந்தால் எஞ்சின் பிளாக்கே பாழாகும்.

முன்சக்கர டிரனியன் (சக்கரம் திரும்ப உதவும் மரையுள்ள மூட்டு) இரண்டு காரிலும் உண்டு, பராமரிப்புதான் நேரெதிர். மைனருக்குச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். ஹெரால்டுக்கு கிரீஸ் கூடாது, ஈபி90 கியர் ஆயில்தான். கிரீஸ் மரைக்குள் கட்டிபட்டு நின்றுவிடும், தண்ணீர் இறங்கும், உள்ளே துருப்பிடித்த வெர்டிகல் லிங்க் (சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு) ஒருநாள் முறிந்து சக்கரம் மடங்கும். விற்பவரிடம் "டிரனியனுக்கு என்ன விடுவீர்கள்?" என்று வெள்ளந்தியாகக் கேளுங்கள். "கிரீஸ்" என்றால் இரண்டு பக்கமும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

40 ஆண்டு தாண்டிய வண்டி, பெரிய மாற்றம் செய்யாதிருந்தால் எம்ஓடி (ஆண்டுத் தகுதிச் சோதனை) கட்டாயமில்லை. ஆனாலும் வாங்குமுன் ஒன்று எடுத்துவிடுங்கள், அடிப்பக்கத்தை லிஃப்டில் பார்த்தது போலவும் ஆகும். ஹிஸ்டாரிக் (பழம்பெரும் வாகனம்) வகையில் பதிந்தால் சாலை வரியும் இல்லை, லண்டனின் புகை மாசுக்கான யூலெஸ் கட்டணமும் இல்லை. பெட்ரோல் ஈ5 (எத்தனால் 5 சதவீதம் வரை) போடுங்கள். எத்தனால் 10 சதவீதம் வரை கலந்த ஈ10 பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும்.

இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் மைனரை எடுங்கள். ஹெரால்டில்தான் மனம் நிற்கிறது என்றால் 1967 முதல் வந்த ஹெரால்ட் 13/60 மாடலுக்குக் காத்திருக்கலாம். 1296 சிசி, 61 குதிரைத்திறன், முன் டிஸ்க் பிரேக்கும் கூடவே வரும்.